ஆழ்கடலின் மௌனம்

மௌனம் என்றதும் நம் நினைவில் எழுவது ஆண்டுத் தியானம். நற்கருணைப் பேழையின் முன் கழியும் ஒரு மணி நேரம். மௌனத்தைப் போர்க்கருவியாகத் தீட்டி வைத்திருப்போரும் உண்டு. அவர்கள் நீர்மூழ்கிக் கப்பல்களில் வாழ்கிறார்கள்.

அவர்களைப் பற்றிய ஜப்பானியப் படைப்பொன்றை அண்மையில் கண்டோம். ஓவியர் கவாகுச்சி கைஜி 1988 முதல் 1996 வரை வார இதழொன்றில் தொடராக வரைந்த சித்திரக்கதை அது. 'மௌனக் கப்பற்படை' என்பது அதன் பெயரின் பொருள். 32 தொகுதிகளாக விரிந்த அக்கதையின் ஒரு பகுதியை, 1990களில் சன்ரைஸ் நிறுவனம் தகாஹாஷி ரியோசுகேயின் இயக்கத்தில் அசையும் ஓவியப் படங்களாக ஆக்கியது. கார்ட்டூன் என்றால் பூனையும் எலியும் என்று எண்ணிப் பழகிய நமக்கு இது வியப்பே. இதில் சிரிப்பதற்கு எதுவுமில்லை.

ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று மூழ்கிவிட்டதாகவும், தலைவர் கையெதா ஷிரோ உட்பட அனைவரும் இறந்ததாகவும் உலகுக்கு அறிவிக்கப்படுகிறது. உண்மையில் அவர்கள், ஜப்பானும் அமெரிக்காவும் மறைவாகக் கட்டிய அணுசக்தி நீர்மூழ்கிக்கு மாற்றப்பட்டிருக்கிறார்கள். வெள்ளோட்டத்தின்போதே கையெதா கப்பலோடு தப்பிச் செல்கிறார். பின்னர் அக்கப்பலையே 'யமாட்டோ' என்னும் தனிநாடாக அறிவிக்கிறார். அதில் அணுகுண்டு இருக்கலாம் என்ற ஐயம் வல்லரசுகளை நடுங்க வைக்கிறது. 'தத்சுனாமி' என்ற நீர்மூழ்கியின் தலைவர் ஃபுகாமாச்சி அவரைத் தொடர்கிறார்.

படத்தில் நம்மைக் கட்டிப்போட்டவை வெடிகள் அல்ல, செவிகள். ஆழ்கடலில் ஒளி புகாது. வானொலி அலையும் நெடுந்தொலைவு இறங்காது. ஒலி மட்டுமே அங்கே காதங்கள் கடந்து செல்லும். ஒலியை எழுப்பி அதன் எதிரொலியைக் கொண்டு பகைவரைத் தேடலாம். ஆனால் அந்த ஒலியே தேடுபவரைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே இரு தரப்பாரும் வாய் மூடிக் காது கொடுத்திருக்கிறார்கள். கைதவறி விழும் ஒரு கருவியின் ஓசை போதும். விரைந்து சுழலும் சுழலி எழுப்பும் நீர்க்குமிழிகளின் இரைச்சல் போதும். டீசல் நீர்மூழ்கி மின்கலங்களுக்கு மின்னேற்ற மேற்பரப்பை நாடியாக வேண்டும். அணுநீர்மூழ்கியோ மாதக்கணக்கில் ஆழத்திலேயே கிடக்கும். தலையைச் சாய்த்து, மூச்சையடக்கி, கடலைக் கேட்டுக்கொண்டிருக்கும் மனிதர்களின் முகங்கள்! செபவேளையில் இவ்வளவு கவனத்தோடு நாம் கேட்டதுண்டா என்று எண்ணாதிருக்க முடியவில்லை. ஒளிந்திருக்க வேண்டிய கையெதா, கதையில் ஓரிடத்தில், மோட்சார்ட்டின் இசையைக் கடலுக்குள் முழங்கவிடுகிறார். அந்தத் துணிவு நம்மையும் மயக்குகிறது என்பதை மறைப்பானேன்?

மயக்குவதாலேயே உறுத்துகிறது. எந்த நாட்டுக்கும் அடங்காத படையொன்று ஆழ்கடலில் மறைந்திருந்தால், எந்த அரசும் போரைத் தொடங்க அஞ்சும் என்பது கையெதாவின் கனவு. உலக அமைதிக்காக அவர் குரலை உயர்த்துவதேயில்லை. தம் ஆட்களையும் கடிந்துகொள்வதில்லை. அவர்களுள் ஒருவர்கூட எழுந்து நின்று "இது தகாது" என்று மறுக்கும் காட்சியை நாம் பார்த்த பகுதிகளில் காணவில்லை.

மறுத்தவர் ஒருவர் உண்மை வரலாற்றில் உண்டு. 1962 அக்டோபர் 27. கியூபாவுக்கு அருகே பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கியை அமெரிக்கக் கப்பல்கள் சூழ்ந்துகொண்டு, மேலே வரச் சொல்லிச் சிறு வெடிகளை நீரில் எறிந்தன. உள்ளே பொறுக்க முடியாத வெப்பம், மாஸ்கோவுடன் தொடர்பில்லை, மேலே போர் மூண்டுவிட்டதா என்றும் தெரியாது. அணுமுனை பொருத்திய டார்பிடோவை ஏவத் தலைவர் சவீத்ஸ்கி ஆயத்தப்படுத்த முனைந்ததாகவும், உடனிருந்த அதிகாரி வசீலி ஆர்கிப்பவ் அவரை அமைதிப்படுத்தியதாகவும் கப்பலில் இருந்த ஒருவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கப்பல் மேலெழுந்தது. 2002இல்தான் உலகம் இதைப் பரவலாக அறிந்தது. ஆர்கிப்பவ் 1998லேயே மறைந்துவிட்டார். யமாட்டோவில் ஓர் ஆர்கிப்பவ் இல்லை. அதற்குள் இருப்பது ஒரே ஒரு மனம்.

நீருக்கடியிலிருந்து மாநகரை எச்சரிக்க வருபவர் என்றால் நம் அன்பர்களுக்கு யோனா நினைவுக்கு வராமலிரார். அவரும் அழிவை அறிவிக்கத்தானே நினிவேக்குப் போனார்? அச்சத்தால் அந்நகர் திருந்தியது என்று ஒருவர் வாதிட்டால் எளிதில் மறுக்க இயலாது. ஆயினும் அழிக்கும் ஆற்றல் யோனாவின் கையில் இல்லை. இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை, நகர் பிழைத்ததற்காக அவர் கொண்ட சினமே சொல்லிவிடுகிறது. கையெதாவிடமோ எச்சரிக்கும் வாயும் அழிக்கும் விரலும் ஒன்றாக இருக்கின்றன.

கவாகுச்சி, குண்டு விழுந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 1948இல் ஹிரோஷிமா மாநிலத்தின் ஓனோமிச்சியில் பிறந்தவர். ஹிரோஷிமா நகருக்கு 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும், 2019இல் திருத்தந்தை பிரான்சிசும் சென்றனர். போருக்கு அணுவாற்றலைப் பயன்படுத்துவது மட்டுமன்றி, அணு ஆயுதங்களை வைத்திருப்பதே அறநெறிக்கு முரண் என்று பின்னவர் அங்கே அறிவித்தார். அச்சத்தால் அமைதி காக்கலாம் என்ற கணக்கை, அச்சத்தின் சாம்பல் கிடந்த மண்ணிலேயே அவர் மறுத்தார்.

சித்திரக்கதையில் கையெதா நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையின் முன் நிற்கும்போது சுடப்படுகிறார். அசையும் ஓவியம் அவ்வளவு தூரம் போகவில்லை. அதில் அவர் இன்னும் நீருக்கடியிலேயே இருக்கிறார். மேலே எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.