வீட்டுக்கு ஒரு போன்

2020 ஏப்ரல் 6, திண்டிவனம்

ரேஷன் கடையில் டோக்கன்படி இன்று எங்கள் முறை. அரிசி கார்டுக்கு 1000 ரூபாய் ரொக்கம். அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை இலவசம். அப்பா பணத்தை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். திண்டிவனம்–விழுப்புரம் தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். மாதச் சம்பளம் கிடையாது. வண்டி ஓடினால் படி, வசூலைப் பொறுத்து மேலே கொஞ்சம். கொரோனா ஊரடங்கில் மார்ச் 24 சாயங்காலம் வண்டி ஷெட்டுக்குப் போனது, வருமானமும் அதோடு சரி. நான் பில் போடும் விழுப்புரம் ஜவுளிக்கடையும் பூட்டிக் கிடக்கிறது.

இன்றைக்கு என்ன கிழமை என்பதே மறந்துபோகிறது. கடையில் கொடுத்த டைரியை எடுத்து எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

தம்பி பத்தாவது. மார்ச் 27 தொடங்கவிருந்த பரீட்சை தள்ளிப்போனதில் வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் சந்தோஷம். “நல்லதாப் போச்சுக்கா. கணக்க இன்னொரு வாட்டி முழுசாப் போட்டுப் பாத்துடுவேன்.”

ஏப்ரல் 20

அம்மா கடலை உருண்டை பிடித்தாள். தம்பி அப்பாவின் விசிலை ஊதி “கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம்” என்று கத்தினான். குரல் உடைந்துவிட்டது அவனுக்கு. அப்பாவே கூப்பிடுவதுபோல் இருந்தது. அப்பாவும் சிரித்துவிட்டார்.

மே 13

சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போயிருந்தவர்கள் ஊர் திரும்பியதிலிருந்து விழுப்புரம் மாவட்டத்தில் கொரோனா எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. பின்தெருவில் தகரம் அடித்து அடைத்துவிட்டார்கள். ஐந்தாம் தேதியே கோயம்பேடு மார்க்கெட்டை மூடியாகிவிட்டது. வந்தவர்கள் எங்கே போவார்கள், பாவம். பிழைக்கப் போன இடத்தில் சோறும் இல்லை, வந்த இடத்தில் முகம் கொடுக்க ஆளும் இல்லை.

ஜூன் 1 முதல் பத்தாவது பரீட்சை என்று நேற்று அறிவித்தார்கள். தம்பி அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருக்கிறான்.

மே 21

பரீட்சை ஜூன் 15க்குத் தள்ளிப்போயிற்று. பழைய அட்டவணைமேலேயே புதியதை ஒட்டினான்.

ஜூன் 9

பரீட்சை ரத்து. எல்லோரும் பாஸ்.

தெருவே குதிக்கிறது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதம் எடுத்து மார்க் போடுவார்களாம். டிவியில் அதைக் கேட்டதும் தம்பி எழுந்து பின்பக்கம் போய்விட்டான். அரையாண்டு நேரத்தில் அவனுக்குக் காய்ச்சல், கணக்கில் 38. அதற்குப் பிறகுதான் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படிக்க ஆரம்பித்தான். “பப்ளிக்ல பாருங்க” என்று ஜனவரியிலிருந்து சொல்லிவந்தான். அந்த ஆறு மாதப் படிப்புக்கு எங்குமே கணக்கு இல்லை.

உயிர் முக்கியம், பரீட்சையை நிறுத்தியது சரிதான். அது எனக்குப் புரிகிறது. ஆனால் இவனைப்போல் எத்தனை பிள்ளைகள் இன்று பின்பக்கம் போய் நின்றிருப்பார்கள்?

சுவரிலிருந்த தாளை யார் கிழித்தார்கள் என்று தெரியவில்லை.

ஜூன் 26

60 சதவீத ஆளை மட்டும் ஏற்றினால் டீசலுக்கே கட்டாது என்று முதலாளி வண்டியை எடுக்கவில்லை. அரசு பஸ் மட்டும் போகிறது. அப்பா தினமும் பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய் வருகிறார்.

ஜூலை 17

தம்பி பகலில் தூங்குகிறான். ராத்திரி முழுக்க விழித்திருக்கிறான்.

ஆகஸ்ட் 10

ரிசல்ட். மாநிலமே நூற்றுக்கு நூறு தேர்ச்சி. தம்பிக்கு 500க்கு 271. அம்மா கேசரி கிளறினாள். அவன் தொடவில்லை.

ஆகஸ்ட் 27

பிளஸ் ஒன் சேர்த்தாயிற்று. கேட்ட குரூப் கிடைக்கவில்லை. மார்க் அப்படி. பாடமெல்லாம் வாட்ஸ்அப்பிலும் கல்வி தொலைக்காட்சியிலும்தான். வீட்டில் டச் போன் அப்பாவுடையது ஒன்றுதான், என்னுடையது பட்டன் போன். அப்பா போனை அவனிடமே கொடுத்துவிட்டார். “எனக்கு யார் பேசப்போறாங்க, நீ வெச்சுக்க.”

செப்டம்பர் 3

பப்ஜியைத் தடை செய்துவிட்டார்களாம். அம்மாவுக்கு நிம்மதி. தம்பி எந்நேரமும் போனோடு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பது விளையாட்டு விளையாடத்தான் என்பது அவள் கணக்கு.

குழுக் கடன்தான் என் கவலை. அக்காள் கல்யாணத்துக்கு அம்மா வாங்கியது. தவணை கட்ட ரிசர்வ் வங்கி மார்ச்சில் மூன்று மாதம் அவகாசம் தந்தது, அப்புறம் ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. கட்டாத மாதங்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது என்பதைக் குழுவில் யாருமே எங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை. அவகாசம் முடிந்துவிட்டது. ஆனால் ஒருத்தரும் கேட்டு வரவில்லை, போனும் வரவில்லை. ஆச்சரியமாக இருக்கிறது.

செப்டம்பர் 12

நாளை நீட் தேர்வு. எழுதவிருந்த மூன்று பிள்ளைகள் இறந்துபோனார்கள் என்று டிவியில் அவர்கள் படத்தையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அம்மா ஓடிவந்து டிவியை அணைத்தாள். தம்பி அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 22

கலெக்ஷன் ஆள் நேரில் வந்தார். செஞ்சிப் பக்கத்துப் பையன், என் வயதுதான் இருக்கும். முகக்கவசத்தை இறக்கித் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்புறம் அம்மாவிடம் சொன்னார்:

“உங்க வீட்டுக்காரர் ரொம்ப மரியாதையான ஆளுங்கம்மா. நாங்க எத்தினி வாட்டி போன் பண்ணாலும் கோவப்படாம பேசறாரு. மத்த வூட்ல திட்டுவாங்க. ஆனா இருபதாம் தேதி கட்டறேன்னு சொன்னாரு, இன்னும் கட்டலியே?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். போன் அப்பாவின் கையை விட்டுப் போய் ஒரு மாதமாகிறது.

தம்பி மாடிப்படியில் இருந்தான். கையில் போன். கணக்குப் பதிவியல் ஆசிரியரின் குரல் அதில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஆள் போனபிறகு கால் லிஸ்டைப் பார்த்தேன். காலை 9:40, 11:05, 11:20, மதியம் 2:10. பாடம் நடக்கும்போதெல்லாம் அந்த நம்பரிலிருந்து அழைப்பு. ஒவ்வொன்றையும் எடுத்து, அப்பாவின் குரலில், “வண்டி இன்னும் ஓடலங்க, அடுத்த வாரம் பாத்து அனுப்பிடறேன்” என்று சொல்லியிருக்கிறான். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “ஏன்டா?” என்று கேட்டதற்கு, “அவரு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ட்டு வர்ற மூஞ்சப் பாத்தியாக்கா?” என்றான்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வந்தார்.

செப்டம்பர் 23

கடை மறுபடியும் திறந்து, அரைச் சம்பளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் விழுப்புரத்திலிருந்து 104 உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டார். தூக்கம், சாப்பாடு, குளியல், கூட்டாளிகள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு, “சாகணும்னு தோணுதான்னு அவன்கிட்ட நேராவே கேளுங்கம்மா. கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. கேக்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சாலே பாதி பாரம் எறங்கும்” என்றார்.

ராத்திரி கேட்டேன். வாய் வரவில்லை, இரண்டு முறை தண்ணீர் குடித்தேன்.

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான். “சாகணும்னு இல்லக்கா. நான் இல்லன்னா வீட்டுச் செலவுல மாசம் எவ்ளோ கொறையும்னு கணக்குப் போட்டுப் பாத்தேன். ரீசார்ஜையும் சேத்து.”

எவ்வளவு வந்தது என்றும் சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன்.

செப்டம்பர் 24

கலெக்ஷன் ஆளுக்கு என் பட்டன் போன் நம்பரைக் கொடுத்தேன். இனி இதில்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி தம்பியின் பக்கத்தில் அம்மா படுத்தாள், அந்தப் பக்கம் நான்.

அக்டோபர் 8

முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவு. கொரோனாவுக்கு நடுவிலும் ஓ.பி. நடக்கிறது என்று 104இல் சொல்லியிருந்தார்கள். இப்போது மறுபடியும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடத் தொடங்கியிருக்கிற அப்பாவின் வண்டியிலேயே போனோம். அப்பா எங்களுக்கு மூன்று டிக்கெட் கிழித்தார்; தன் சட்டைப்பையிலிருந்து காசை எடுத்துத் தோல்பையில் போட்டார். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“எப்போலேர்ந்து தூக்கம் இல்ல?” என்று டாக்டர் கேட்டார். அம்மா போன மாதம் என்றாள். நான் டைரியைத் திறந்து ஜூலை 17 என்றேன். “இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?” என்றார். பக்கத்தைத் திருப்பி ஜூன் 9ஐப் படித்துக் காட்டினேன். நான் படிக்கும்போது தம்பிக்குக் கண் கலங்கியது. டாக்டர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவனோடு தனியாகப் பேசினார்.

மாத்திரை கொடுத்தார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். காசு எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும், “யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றாள் அம்மா. அவள் பயம் அவளுக்கு. நான் அவளிடம் சண்டை போடவில்லை. ஆனால் சர்க்கரைக்கு மாத்திரை போடும் பெரியப்பாவை யாரும் மறைத்து வைக்கவில்லையே.

அக்டோபர் 30

மாத்திரையால் வாய் உலர்கிறதாம். சிடுசிடுக்கிறான்.

நவம்பர் 28

நிவர் புயல் 25ஆம் தேதி நள்ளிரவில் மரக்காணம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் ஓட்டில் நான்கைந்து பறந்துபோயிற்று. அப்பாவும் தம்பியும் தார்ப்பாயை இழுத்துப் பிடித்து, அம்மிக்கல்லைத் தூக்கிவைத்தார்கள். “இழு… இன்னும் இழுறா” என்று அப்பா அவனை அதட்டி எத்தனை காலமாயிற்று! இரண்டு நாள் கரண்ட் இல்லை. போன் செத்துக் கிடந்தது. அந்த இரண்டு ராத்திரியும் ஒழுகும் வீட்டில் அடித்துப்போட்டாற்போல் தூங்கினான்.

டிசம்பர் 24

மூன்று தவணை கட்டியாயிற்று. என் தோடு அடகில்.

2021 பிப்ரவரி 8

பதினொன்றாவதுக்கும் பள்ளி திறந்துவிட்டார்கள். போன வருஷத்துக் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. மடிப்பைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். போனான். சாயங்காலம் வந்து இரண்டு தட்டு சாப்பிட்டான்.

பிப்ரவரி 25

ஒன்பது, பத்து, பதினொன்றுக்கு இந்த வருஷமும் பரீட்சை இல்லை, எல்லோரும் பாஸ் என்று முதல்வர் சட்டசபையில் அறிவித்துவிட்டார்.

தம்பி புத்தகப் பையைத் தூக்கி எறிந்தான். “மறுபடியுமா? படிச்சவனுக்கும் படிக்காதவனுக்கும் ஒண்ணு! எனக்குன்னு ஒரு மார்க்கு எப்பதான் வரும்?” என்று தெருவே கேட்கக் கத்தினான். அம்மா பயந்துபோய் மாத்திரை டப்பாவைத் தேடினாள். “விடும்மா, கத்தட்டும்” என்றேன். ஜூன் 9 அன்று இவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

கத்தி முடித்துவிட்டுப் பொருளாதாரப் புத்தகத்தை எடுத்து, எந்தப் பாடம் வரை நடத்தியிருக்கிறார்கள் என்று என்னிடம் காட்டினான். பாதிகூட இல்லை. அடுத்த வருஷம் பிளஸ் டூ. அதையாவது நடத்துவார்களா என்று கேட்கிறான். எனக்கு எப்படித் தெரியும்? மார்ச் 4 முண்டியம்பாக்கம் போகவேண்டும். அன்று அப்பா வண்டி ஓடாத நாள்.