வேட்டைத் துப்பாக்கியின் விசையும் பிராணியின் உரிமையும்



வேட்டை மார்க்கத்தில் ஆகுமானது. எனினும் கட்டுப்பாடுகளோடு தரப்பட்ட அனுமதி அது. எச்செயலையும் செம்மையாகச் செய்யுமாறும், அறுக்கும்போது கத்தியை நன்கு தீட்டிப் பிராணியின் வேதனையைக் குறைக்குமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. குர்பானிக்காகக் கத்தி தீட்டும் நம் இல்லங்களுக்கு இது புதிதன்று. துப்பாக்கியால் வேட்டையாடுபவருக்கு அந்தக் கூர்மை எங்கே இருக்கிறது? பெரும்பகுதி அதன் விசையில்தான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

நாங்கள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வாழ்கிறோம். இங்கு நவம்பர் 15 அன்று துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாடும் பருவம் தொடங்கும். உரிமம் பெற்றோர் வெள்ளைவால் மானைச் சுடலாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுக்கிறது என்பதைத் தாயகத்து உறவுகள் நினைவிற் கொள்க. எங்களிடமுள்ள போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கியை இவ்வாண்டு மூத்த மகனும் ஏந்தவிருக்கிறான். ஆகவே, அதன் விசையை மாற்றுவது குறித்து வீட்டில் கலந்து பேசினோம்.

பழைய விசையை இழுக்க 6 பவுண்டு விசை தேவைப்பட்டது. துப்பாக்கியின் எடையோ 8 பவுண்டு. ஏறத்தாழ அதன் எடைக்கு நிகராக விரல் இழுக்கும்போது குழல் அசையாதிருப்பது அரிது. ஒரு மீட்டர் நீளமுள்ள துப்பாக்கியின் முனை 1 மில்லிமீட்டர் விலகினால், 100 மீட்டருக்கு அப்பால் குண்டு 10 சென்டிமீட்டர் விலகிப்போகும். மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த உயிர்நிலைப் பகுதியின் அகலம் சுமார் 20 சென்டிமீட்டர். நடுவில் குறிவைத்தாலும் அந்த ஒரு மில்லிமீட்டர் குண்டை விளிம்புக்குக் கொண்டுசென்றுவிடும். காயமுற்ற மான் காட்டுக்குள் ஓடி, எவருக்கும் உணவாகாமல் துடித்து மடியக்கூடும். அதுவே எங்கள் அச்சம்.

மகன் 1½ பவுண்டு விசையை விரும்பினான். போட்டிகளில் சுடுவோர் அதனினும் இலேசானவற்றைக் கையாள்கிறார்கள் என்பது அவன் வாதம். அவர்கள் மேசைமுன் அமர்ந்து, வெறும் விரலால் சுடுகிறார்கள். நவம்பர்க் குளிரில் கையுறைக்குள் மரத்துப்போன விரலோ, விசையைத் தொட்டதையே உணராது. சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டக் கூடாது, ஷைத்தான் கையிலிருந்து அதனை இயக்கிவிடக்கூடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அவனுக்கு நினைவூட்டினோம். நிய்யத்துக்கு முந்திக்கொள்ளும் விசை வேட்டைக்கு உதவாது. வேட்டைக்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் அளவு 2½ முதல் 3½ பவுண்டு வரை. நாங்கள் 3 பவுண்டில் உடன்பட்டோம்.

எடையைவிட முக்கியமானது விடுபடும் தன்மை. சுடும் ஊசியைப் பிடித்து நிறுத்தும் கொக்கி, மணலில் இழுபடுவதுபோல் உராய்ந்து நகர்ந்தால், எந்தக் கணத்தில் வெடிக்கும் என்பது தெரியாது, விரல் பதறும். நல்ல விசை, கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் சட்டென விடுபடும். கனடாவின் ட்ரிகர்டெக் நிறுவனம் கொக்கிக்கும் விசைக்கும் இடையே சிறு உருளையொன்றை வைத்து உராய்வைக் குறைக்கிறது. 1946இல் தொடங்கப்பட்ட டிம்னி நிறுவனமும் பல துப்பாக்கிகளுக்கு மாற்று விசைகள் செய்கிறது. விலை பொதுவாக 150 முதல் 300 டாலர் வரை. சில துப்பாக்கிகளில் தொழிற்சாலை விசையையே திருகாணியால் சரிசெய்ய இயலும்; அங்கு புதிது வாங்குவது வீண் விரயம். எங்களுடையதில் அதற்கு வழியில்லை.

இது சிறு உறுப்புத்தானே என்று எண்ணலாகாது. ரெமிங்டன் நிறுவனம் 2014இல் தன் எக்ஸ்-மார்க் ப்ரோ விசைகளைத் திரும்பப் பெற்றது. தயாரிப்பின்போது பிணைப்புப் பசை மிகுந்துபோனதால், சில துப்பாக்கிகள் தாமாகவே வெடிக்கக்கூடும் என்பது காரணம். ஆகவே, பொருத்தும் பணியைத் துப்பாக்கி பழுதுபார்க்கும் வல்லுநரிடம் ஒப்படைத்தோம். பின்னர் குண்டறை வெறுமையாக இருப்பதை இருமுறை உறுதிசெய்து நாங்களும் சோதித்தோம். போல்ட்டைப் பலமுறை வேகமாக மூடினோம், ஊசி விழவில்லை. பாதுகாப்புப் பூட்டைப் போட்டு விசையை அழுத்திவிட்டு, விரலை எடுத்தபின் பூட்டைத் திறந்தோம், அப்போதும் விழவில்லை. அடிக்கட்டையைத் தரையில் தட்டியும் பார்த்தோம். இவற்றில் ஒன்றில் தவறினாலும் அத்துப்பாக்கியில் குண்டிடக் கூடாது.

துப்பாக்கிக் குண்டால் இறந்த பிராணி ஹலாலா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குண்டு துளைத்துக் கொல்வதால் ஆகும் என்போர் உளர். மோதலின் வேகத்தால் கொல்வதால், உயிரோடு கண்டு அறுத்தாலன்றி ஆகாது என்போரும் உளர். தத்தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே காட்டுக்குச் செல்க. பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுடுவதும், உயிரோடு அடைந்தால் தாமதியாது அறுப்பதும் எங்கள் வழக்கம்.

எத்தனை நல்ல விசையும் பயிற்சிக்கு ஈடாகாது. பருவம் தொடங்கும்வரை மகன் வாரந்தோறும் பயிற்சித் திடலில் சுடவேண்டும் என்பது நிபந்தனை. தாளிலிட்ட 20 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் 100 மீட்டரிலிருந்து தவறாது சுடும் நாள் வரும்வரை, அவன் எங்களோடு வருவான். துப்பாக்கி எங்கள் கையில் இருக்கும்.

நம் கரங்களில் தரப்பட்ட ஒவ்வொரு கருவியும் அமானிதம். அதனைப் பேணும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக, ஆமீன்.