டநகவ



கொஞ்சம் நீளமான பதிவு. பாமினியில் தட்டச்சு செய்த தலைமுறை பொறுமையாக வாசிக்கும் என்று நம்புகிறோம். 'நாங்கள்' என்று இதில் வருவது மூன்று பேர். படிப்பிக்கிற ஒருவர், உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிற இருவர்.

போன தவணை விடுமுறைக்கு முன்னர் பளையில் ஓர் அம்மா எங்களிடம் ஒரு இறுவட்டைத் தந்தார். அவருடைய கணவர் இந்தப் பகுதியில் படிப்பித்தவர், இப்போது இல்லை. 2000 ஆம் ஆண்டுச் சண்டைக்கு முன்னர் தன்னிடம் படித்த பிள்ளைகளின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்திருக்கிறார். 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு அந்தக் கொப்பியோடு யாழ்ப்பாணம் போய், ஒரு கடையில் காசு கொடுத்துத் தட்டச்சு செய்வித்து எடுத்திருக்கிறார். கொப்பி 2009 இடப்பெயர்வில் போய்விட்டது. கொழும்பில் உறவினர் வீட்டில் கிடந்த இறுவட்டு மட்டும் மிஞ்சியது.

"தம்பி, ரெண்டு கடையில குடுத்துப் பாத்தன். ஒண்டும் விளங்கேல்லை எண்டினம். அழிஞ்சு போச்சோ?"

அழியவில்லை. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் திறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உடுப்புப் போட்ட வேலை. 'தமிழ்' என்று திரையில் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி. உடுப்பைக் கழற்றினால் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். யூனிகோட் வந்த பிறகுதான் தமிழ் எழுத்துக்குக் கணினிக்குள் சொந்த இலக்கம் கிடைத்தது.

எழுத்துருவைப் போட்டு அச்செடுத்துக் கொடுத்திருந்தால் அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் அதில் ஒரு பெயரைத் தேட முடியாது, தொலைபேசியில் ஒருவருக்கு அனுப்பவும் முடியாது. இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன. புலம்பெயர்ந்த எம்மவர்கள் ஆரம்ப காலத்திலேயே செய்து இலவசமாகக் கொடுத்தவை. அவர்களுக்கு இந்த நாட்டுத் தமிழ் ஆசிரியர்கள் எல்லோரும் கடமைப்பட்டவர்கள். ஆனாலும் இத்தனை பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயரை எல்லாம் ஏதோ ஒரு பக்கத்தில் ஒட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. நாங்களே ஒன்று எழுதுவோம் என்று தொடங்கினோம். ஒரே ஒரு எச்ரிஎம்எல் கோப்பு, உள்ளே கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். டேட்டா இல்லாமலே ஓடும்.

எழுத்துக்கு எழுத்து மாற்றினால் சரி என்றுதான் பிள்ளைகள் நினைத்தார்கள். பாமினியில் 'கெ' எழுத முதலில் கொம்பு, பிறகு 'க'. கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கு அது. யூனிகோட்டில் 'க' முதலில், கொம்பு பிறகு. 'கொ' என்றால் முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக இரண்டையும் பிடித்து ஒரே குறியாக்க வேண்டும். அதனால் நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றி, தனி எழுத்துகளைக் கடைசியில் மாற்ற வேண்டும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு பின்னேரம் போனது. (அதில் ஒன்று மின்வெட்டுக் கணக்கு. வாசலில் இருந்து பார்த்தால் காற்றாலைகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன.)

அடுத்து 'வௌ்ளை'. இந்த எழுத்துப் பிழையைச் செய்தித் தளங்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 'வௌியீடு', 'வௌ்ளம்' என்று வரும். பாமினியில் ஔகாரத்தின் பின்பாதியும் 'ள' எழுத்தும் ஒரே விசை. மாற்றி, கொம்பும் எழுத்தும் ளகரமும் வந்தவுடன் ஔகாரம் என்று முடிவு கட்டிவிடுகிறது. எங்கள் மாற்றியும் அதைத்தான் செய்தது. பட்டியலில் 'கௌரி' இருந்தார், 'வெள்ளையம்மா'வும் இருந்தார். ஒருவரைத் திருத்தினால் மற்றவர் பிழைத்தார். ஒரு பிள்ளைதான் வழி சொன்னாள்: "சேர், 'ள'வுக்குப் பிறகு குற்றோ விசிறியோ வந்தா அது உண்மையான 'ள'. ஔகாரத்துக்கு மேல குற்று வராதுதானே." ஒரே வரி நிபந்தனை. இருவரும் அவரவர் பெயரோடு வந்தார்கள்.

மூன்றாவது பிரச்சினையில் முதலில் சிரித்தோம். குறிப்பு என்ற நிரலில் பல பெயர்களுக்கு எதிரே 'டநகவ' என்று வந்தது. ஊர்ப் பெயரா, சுருக்கமா என்று மூளையைக் கசக்கினோம். பிறகு பழைய கோப்பைப் பார்த்தால், அந்த இடம் மட்டும் ஆங்கில எழுத்துருவில் இருக்கிறது. எல், ஈ, எஃப், ரீ. 'லெஃப்ட்'. போய்விட்டார். இடாப்பில் நாங்களும் எழுதுகிற சொல்தான். எங்கள் மாற்றி அதையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கியிருக்கிறது.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒரு பக்கத்தில் பதினொரு 'டநகவ'.

எங்கள் வீட்டிலும் இது உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ராத்தா ஏழாம் வகுப்பு. அவருடைய பெயருக்கு நேரே அந்த ஆண்டு இடாப்பில் என்ன எழுதினார்களோ தெரியாது. பிறகு புத்தளத்தில் இருந்து தேடிப் போனபோது அந்த இடாப்பே இல்லை. படித்ததற்கு அத்தாட்சி கேட்ட ஒவ்வொரு இடத்திலும் அவர் வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கோப்பை லிபர் ஒபிஸில் திறந்து இணையப் பக்கமாகச் சேமித்தால், எந்தத் துண்டுக்கு எந்த எழுத்துரு என்ற விபரமும் கூடவே வரும். பாமினித் துண்டுகளை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே விடச் சொன்னோம். சரியாகிவிட்டது.

அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அம்மா கண்ணாடியைப் போட்டு விரலை வைத்து வாசித்தார். 'லெஃப்ட்' என்று இருந்த இடங்களில் நின்று, "இவன் கனடாவில. இவள் முரசுமோட்டையில கலியாணம் கட்டி இருக்கிறாள்" என்று சொல்லிக்கொண்டே போனார். சில பெயர்களில் ஒன்றும் சொல்லாமல் விரலைக் கீழே இறக்கினார். பிள்ளைகள் கேட்கவில்லை. அவர் சொன்னவற்றை மட்டும் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தார்கள். இப்போது அந்தக் கோப்பில் புதிதாக ஒரு நிரல் இருக்கிறது. பாதிதான் நிரம்பியிருக்கிறது.

இறுவட்டில் இன்னொரு கோப்பும் உண்டு. அது பாமினி இல்லை, வேறு ஏதோ பழைய எழுத்துரு. இந்தச் சனிக்கிழமை அதோடு மல்லுக்கட்டப் போகிறோம். பழைய எழுத்துருக்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள், குறிப்பாக அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் தட்டச்சுக் கடை வைத்திருந்தவர்கள், உட்பெட்டிக்கு ஒரு செய்தி போடுங்கள்.