ஆண்டவர் பாத்துப்பாரு, ஸார்!

ராயபுரத்தில் அதிகம் பேசப்படும் வாக்கியம் எது என்று யாராவது போட்டி வைத்தால், முதல் ஆளாகக் கையைத் தூக்குவேன். 'ஆண்டவர் பாத்துப்பாரு!'

வீட்டு ஓனர் வாடகையை ஏற்றினால், ஆண்டவர் பாத்துப்பாரு. பையன் கணக்கில் பெயில் ஆனால், ஆண்டவர் பாத்துப்பாரு. கல்மண்டபம் அருகே கன்டெய்னர் லாரியை நூலிழையில் உரசாமல் தப்பிய ஆட்டோக்காரர், ஹாண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டு சொல்வதும் அதேதான். (அவர் பார்ப்பது இருக்கட்டும், நீ கொஞ்சம் ரோட்டைப் பாருப்பா!)

இதில் மதபேதம் கிடையாது. பௌர்ணமி தவறாமல் திருவொற்றியூர் வடிவுடையம்மனைத் தரிசிக்கும் பக்கத்து வீட்டம்மா, 'அம்மன் பாத்துப்பா' என்பார். மாடி வீட்டு பாய், 'அல்லா பாத்துப்பான்' என்பார். டிபார்ட்மென்ட்தான் வேறு, ஃபைல் ஒன்றுதான்!

எங்கள் வீட்டில் இந்த வாக்கியத்துக்கே ஒரு பரீட்சை வந்தது 1996-ல். அதே வருஷம் எனக்கும் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

அப்பா, திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். (பெயர் வேண்டாமே.) ஜனவரி மாதம் ஒருநாள் காலை ஷிஃப்டுக்குப் போனவர், ஒன்பது மணிக்கே வீடு திரும்பினார். கையில் திறக்காத டிபன் பாக்ஸ். கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்ததாம். கதவடைப்பு.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "விடுங்க, ஆண்டவர் பாத்துப்பாரு" என்றார்.

"ஆண்டவர் பாத்துப்பாரு. அண்ணாச்சி கடை நோட்டை யாரு பாத்துப்பா?" என்றார் அப்பா.

நியாயமான கேள்விதான். நோட்டில் பக்கங்கள் ஏறின. அம்மாவின் செயின் சேட்டு கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவதை நிறுத்தினார். "கோயிலுக்குப் போனா நாலு பேரு, 'வேலை இன்னாச்சு'ன்னு கேப்பான்" என்றார். ஆண்டவர் மேல் கோபமா, அந்த நாலு பேர் மேல் பயமா என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மார்ச் 14-ம் தேதி சாயங்காலம் இரண்டு பேர் வந்தார்கள். தேதி எப்படி ஞாபகம் என்கிறீர்களா? அதற்கு முந்தின ராத்திரிதான் கல்கத்தாவில் உலகக் கோப்பை அரையிறுதி. இந்தியாவின் விக்கெட்டுகள் சரிய, ரசிகர்கள் பாட்டில் வீச, ஆட்டம் நின்று இலங்கை ஜெயித்ததாக அறிவித்தார்களே... காம்ப்ளி அழுதுகொண்டே வெளியே வந்தாரே... அதே மேட்ச்!

வந்தவர்கள் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள். அரைமணி நேரம் காம்ப்ளியைப் பற்றியே பேசினார்கள். வேலை பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து கிளம்பும்போது கதவோரம் ஒரு பையை வைத்தார்கள். அரிசி, பருப்பு, ஒரு கவர்.

அப்பாவின் முகம் மாறிவிட்டது. "இத எடுத்துக்கினு போங்க. நான் இன்னா பிச்சையா கேட்டேன்?"

வந்தவர்களில் பெரியவர் கொஞ்சமும் அசரவில்லை. "அண்ணே, நாங்க உங்களுக்குக் குடுக்க மட்டும் வரல. எங்களுக்கு ஆள் கம்மி. ஸ்டான்லி ஆஸ்பத்திரில நம்ம பேட்டை ஆளுங்க ரெண்டு பேரு படுத்துக்கினு இருக்காங்க. பாக்க யாருமில்ல. உங்களுக்குத்தான் இப்ப பகல்ல நேரம் இருக்கே, வர்றீங்களா?"

அப்பா வாயடைத்துப் போனார். இரண்டு மாதமாக எல்லோரும் அவரிடம், 'உனக்கு வேலை இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'உனக்கு வேலை இருக்கிறது' என்று வந்து சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அந்த வாரமே அப்பா ஸ்டான்லிக்குப் போனார். அடுத்து, அவர்களுடைய வாராந்திரக் கூட்டத்துக்கும் போனார்.

அந்தச் சபையின் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். இரகசியப் பை என்று பெயர். ஒவ்வொருவரும் கையை மூடியபடி உள்ளே விட்டு, எடுத்துவிட வேண்டும். யார் எவ்வளவு போட்டார் என்பது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. நூறு ரூபாய் போட்ட கையும், ஒன்றுமே போடாத கையும் வெளியே வரும்போது ஒரே மாதிரிதான் இருக்கும்.

பல வருஷம் கழித்து அப்பா சொன்னார்: "ஆறு மாசம் வெறுங்கையத்தான்டா உள்ள விட்டேன். ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனா ஒரு வாரம்கூட அந்தப் பை என்னைத் தாண்டிப் போவல."

எங்கள் கோயிலின் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். அந்தக் காலத்து மதராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். துரையோ, துரைசானியோ, பீப்பாயோ, எதுவானாலும் அலையைத் தாண்டிக் கரை சேர்ப்பவர்கள் உள்ளூர்ப் படகோட்டிகள்தான். அப்படிப்பட்ட படகோட்டிகள் 1829-ல் எழுப்பிய கோயில்தான் ராயபுரத்து இராயப்பர் கோயில். இராயப்பர் என்றால் இன்றைய பைபிளில் பேதுரு. பேட்டைக்குப் பெயர் வந்ததே அவரால்தான் என்பார்கள். அலையோடு மல்லுக்கட்டிய ஜனங்கள், ஒரு மீனவரையே தங்கள் புனிதராகப் பிடித்துக்கொண்டது பொருத்தம்தானே?

அவர்கள் ஓட்டிய மசூலாப் படகில் ஒரு விசேஷம். பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்க மாட்டார்கள். தென்னங்கயிற்றால் தைப்பார்கள். ஆணி அடித்த படகு நம் கரையில் அலை மோதும்போது விறைத்து நின்று பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுத்துக் கரை சேரும். பலகை ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருப்பதில்தான் பலமே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் 'திருச்சபை, சமூகம்' என்று சாமியார் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் கயிறுதான் கண்ணில் வரும்.

பேதுரு கதையில் ஒரு சின்ன விஷயத்தையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் மேல் நடந்து போனவர் காற்றைப் பார்த்துப் பயந்து முழுகப் போனார். காப்பாற்றும்படி கத்தினார். அப்புறம் நடந்தது எந்த வரிசையில்? இயேசு முதலில் கையை நீட்டிப் பிடித்தார். இரண்டு பேரும் படகில் ஏறிய பிறகுதான் காற்று நின்றது. நாம் கேட்பதோ தலைகீழ். 'முதலில் காற்றை நிறுத்துங்க ஸார், அப்புறம் நம்புறேன்!'

அப்பா விஷயத்தில் காற்று கடைசி வரை நிற்கவில்லை. அந்த கேட் திறக்கவேயில்லை. ஹார்பர் பக்கம் ஒரு கோடவுனில் ராத்திரி வாட்ச்மேன் வேலை கிடைத்தது. வாங்கிப் போட்டவர் யார் என்கிறீர்கள்? இரகசியப் பைக்காரர்களில் ஒருவர்தான். சம்பளம் பழையதில் பாதிகூட இல்லை. ஆனால் முதல் சம்பளம் வாங்கிய வாரம், அப்பாவின் கை உள்ளே போனபோது பைக்குள் 'கிளிங்' என்று சத்தம் கேட்டதாம். அதை அவர் சொன்ன அழகைப் பார்க்க வேண்டுமே... என்னவோ ஐநாவில் பேசிவிட்டு வந்தவர் மாதிரி!

இந்த வின்சென்ட் தே பவுல் சபையை ஆரம்பித்தது யாரோ வயதான பாதிரியார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. 1833-ல் பாரீஸில் காலேஜில் படித்துக்கொண்டிருந்த சில பையன்கள். முக்கியமானவர் ஃபிரெடெரிக் ஓசானாம். வயது 20. விவாதத்தில் இவர்களைப் பார்த்து, 'உங்கள் சபை ஒரு காலத்தில் பெரிய காரியமெல்லாம் செய்தது சரி, இன்றைக்கு என்ன செய்கிறது?' என்று ஒருத்தர் மடக்கிவிட்டார். நாமாக இருந்தால் பதிலுக்கு இரண்டு மணி நேரம் வாதாடியிருப்போம். அந்தப் பையன்கள் ஏழைகள் வீட்டுப் படியேற ஆரம்பித்துவிட்டார்கள்.

நம்புகிறவனுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் ரீல் விட மாட்டேன். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி வந்தபோது, கடல் யார் பூசைக்குப் போனார், யார் போகவில்லை என்று பார்த்து ஏறவில்லை. ஏன் என்று என்னைக் கேட்டால் பதில் கிடையாது. பதில் வைத்திருப்பதாகச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்கூட. ஆனால் அன்று மத்தியானம் எங்கள் தெருவில் அண்டா ஏறியது. பக்கத்து வீட்டம்மா அரிசி களைய, மாடி வீட்டு பாய் அடுப்பு மூட்ட, அப்பா கரண்டியோடு நின்றார். டிபார்ட்மென்ட் வேறு, ஃபைல் ஒன்று என்று சொன்னேன் அல்லவா?

வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த நாட்களில் காசிமேட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். யாரும் கையைக் கட்டிக்கொண்டு, 'ஆண்டவர் பாத்துப்பாரு' என்று உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஒருவர் வலை பின்னிக்கொண்டிருப்பார், ஒருவர் படகுக்குப் பெயின்ட் அடிப்பார், ஒருவர் என்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பார். காத்திருப்பதும் ஒரு வேலை என்று தெரிந்த ஜனங்கள்.

நான் இப்போது பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீஸில் குப்பை கொட்டுகிறேன். செவ்வாய்க்கிழமை லஞ்ச் டயத்தில் அர்மீனியன் தெரு அந்தோணியார் கோயிலுக்கு ஒரு நடை போவது வழக்கம். நெற்றியில் விபூதியோடு மெழுகுவத்தி ஏற்றுகிற இளைஞர்கள் நிறையப் பேரைப் பார்க்கலாம். கழுத்தில் ஐ.டி. கார்டு, சட்டைப் பையில் செல்போன், மனசில் ஈ.எம்.ஐ. கான்ட்ராக்ட் புதுப்பிப்பார்களா, இல்லை மெயிலில் குட்பை வருமா என்கிற கவலை. கதவடைப்பு நோட்டீஸை இப்போது கேட்டில் ஒட்டுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தத் தம்பிகளுக்கு ஒன்றே ஒன்று சொல்ல ஆசை. மெழுகுவத்தி தாராளமாக ஏற்றுங்கள். அப்படியே ஆபீஸுக்குத் திரும்பியதும் பக்கத்து சீட்டைக் கொஞ்சம் பாருங்கள். நாலு நாளாக, 'பசிக்கலை' என்று லஞ்சுக்கு வராமல் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறாரா? அவரிடம், 'கடவுள் பாத்துப்பார் பாஸ்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கிரிக்கெட் பேசுங்கள். சாப்பிடக் கூப்பிடுங்கள். முடிந்தால் அவரிடமே ஏதாவது ஒரு உதவியும் கேளுங்கள்.

அந்த இடத்தில் நீங்களே இருந்தால்? கூப்பிடுகிறவருடன் எழுந்து போங்கள். வெறுங்கையாக இருந்தாலும் பரவாயில்லை. பைக்குள் விட அது போதும்!