லாரிக்கு முந்தி வர வேண்டிய தாள்

மே 27

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் 18 நாள். கீச்சாங்குப்பத்தில் படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வாடை எங்கள் ரசாயனக் கடை வரைக்கும் வருகிறது. ஐஸ் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஏப்ரல் 15-லிருந்து சும்மா கிடக்கிற கம்ப்ரசரை ஓட்டிப் பார்க்க வேண்டும், கேஸ் ஏற்ற வேண்டும். கேஸ் என்றால் இங்கே அமோனியா.

அக்கரைப்பேட்டைக் கம்பெனி ஒன்றுக்கு 6 சிலிண்டர், ஜூன் 10. எழுதிக்கொண்ட கையோடு பாதுகாப்புத் தரவுத் தாளையும் (எஸ்.டி.எஸ்.) கம்பெனிக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் வந்தது. பதிவேட்டில் ‘எஸ்.டி.எஸ். கொடுத்தாச்சு’.

ஜூன் 1

சென்னை சப்ளையர் போன் செய்தார். வேறு எங்கோ போக வேண்டிய லோடு ரத்தாகிவிட்டதாம், லாரியை 5-ஆம் தேதியே அனுப்புகிறாராம். அரை மணி நேரத்தில் எல்லாம் மாறியது. இறக்குகிற ஆட்களுக்குச் சொன்னோம், பணத்துக்குச் சொன்னோம். தாளைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அதுதான் கொடுத்தாச்சே.

எனக்கு மட்டும் உறுத்தியது. கம்பெனி ஆபரேட்டருக்குப் போன் போட்டேன்.

“தாளா? எனக்கு எதுவும் வரலியே தங்கச்சி. நான் தடைக்காலத்துக்கு ஊருக்கு வந்துட்டேன். 9-ஆந்தேதி வரச் சொல்லியிருக்காரு.”

பூட்டிக் கிடந்த கம்பெனிக்கு, வால்வைத் திறக்காத ஒருவரின் போனுக்கு, இரண்டு வாரம் முன்கூட்டியே அனுப்பியிருக்கிறேன். முன்கூட்டி அனுப்புவது நல்ல பழக்கம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் இருந்தது. தாளின் முதல் பகுதியில் உள்ள அவசர எண்ணைச் சும்மா அழைத்துப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை. சப்ளையரைக் கேட்டால், “போன மாசமே புதுத் தாள் போட்டாச்சேம்மா, உங்களுக்கு வரல?” என்கிறார். அதை வாங்கிப் பார்த்தேன். மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. எண் மட்டும் மாறியிருக்கிறது. கசிவு வந்தால் 16 பகுதியில் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.

ஜூன் 3

முதலாளிக்கு ஒரு யோசனை. “லாரி பாதி காலியாத்தானே வருது. வேதாரண்யம் இறால் குட்டைக்குப் போற பிளீச்சிங் பவுடர் 40 மூட்டையையும் அதுலயே ஏத்தச் சொல்லிடும்மா. வாடகை மிச்சம்.”

பிளீச்சிங் 12-ஆம் தேதி தனி வண்டியில் வர வேண்டியது. இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பத்தாம் பகுதி, எதனோடு சேரக் கூடாது என்பது. அமோனியாத் தாளில் ஹைப்போகுளோரைட். பிளீச்சிங் தாளில் அமோனியா. சேர்ந்தால் குளோரமீன், மூச்சை அடைக்கிற நச்சு வாயு. ஒவ்வொரு தாளும் அதனதன் அளவில் ஒழுங்கானதுதான். சரக்கு வேறு வேறு நாளில் வந்தவரைக்கும் இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டிய அவசியமே எங்களுக்கு வந்ததில்லை. தேதி மாறினால் சரக்குக்குப் பக்கத்துச் சரக்கும் மாறிப்போகிறது.

முதலாளியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். “சரி, வேணாம்.” வாடகைக் கணக்கைப் பற்றி மட்டும் சாயங்காலம் வரை முணுமுணுத்தார்.

ஜூன் 4

தூக்கம் வரவில்லை, விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். போபாலுக்குப் பிறகு வந்த சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் 1989-இல் போட்ட அபாய ரசாயன விதிகள். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்கிறவர், எந்தத் துறைமுகம், எவ்வளவு என்பதோடு முழுப் பாதுகாப்புத் தகவலையும் 30 நாளுக்கு முன், முடியாவிட்டால் இறக்குமதி நாளுக்குள்ளாவது, அதிகாரிகளுக்குத் தர வேண்டும். கப்பல் பத்து நாள் முந்தினால் அந்த 30 இருபதாகிவிடும். அமெரிக்காவில் தாளை முதல் சரக்கோடு ஒரு முறை, அது திருத்தப்பட்டால் அடுத்த சரக்கோடு மறுபடி தர வேண்டும். ஐரோப்பாவில், தாளில் முக்கியமான மாற்றம் வந்தால் முந்தின 12 மாதத்தில் வாங்கின எல்லோருக்கும் புதுசு போக வேண்டும். இது எனக்குப் பிடித்தது. எங்கள் பதிவேட்டில் அப்படி ஒரு பத்தியே இல்லை.

எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் ஞாபகத்துக்கு வந்தது. 2021 மே. 1,486 கன்டெய்னர், அதில் 25 டன் நைட்ரிக் அமிலம். ஒரு கன்டெய்னர் கசிகிறது, இறக்கிக்கொள்ளுங்கள் என்று கத்தாரின் ஹமாதிலும் குஜராத்தின் ஹசீராவிலும் கேட்டுப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் முடியாது என்றார்கள். கசிவோடு கொழும்புக்கு வந்து, மே 20 அன்று தீப்பிடித்து, ஜூன் 2-இல் மூழ்கத் தொடங்கியது. அந்தப் பக்கத்துக் கரையெல்லாம் பிளாஸ்டிக் மணி ஒதுங்கியது. அந்தச் சமயம் எங்கள் தெருவில் மீன் வாங்கவே யோசித்தார்கள், நாகப்பட்டினத்து மீனுக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்ததோ இல்லையோ.

ஜூன் 5

காலை ஐந்தே காலுக்கு லாரி வந்தது. டிரைவர் கேபினில் தாள் இருந்தது, பழைய எண்ணோடு. புதுசைக் கொடுத்துப் பழையதை வாங்கிக் கிழித்தேன். அதுவரை ஒரு சிலிண்டரையும் இறக்க வேண்டாம் என்றேன். இறக்குகிறவர்களுக்குக் கோபம்.

ஆபரேட்டர் நேற்றே ஊரிலிருந்து வந்துவிட்டார். நான் தமிழில் எழுதி எடுத்துப் போன அரைப் பக்கத்தை விரல் வைத்துப் படித்தார். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவணும் என்ற இடத்தில் நிமிர்ந்து, “குழாயில தண்ணி வருதான்னு பாருடா” என்று உதவிப் பையனை அனுப்பினார். வரவில்லை. இரண்டு மாதமாகத் தொட்டி காலி. மோட்டாரைப் போட்டுத் தொட்டி நிறைகிறவரை சிலிண்டர் லாரியிலேயே இருந்தது.

பிறகு இணைப்புக் கொடுத்து, கந்தகத் திரியைக் கொளுத்தி ஒவ்வொரு மூட்டாகக் காட்டிக்கொண்டே போனார். மூன்றாவது மூட்டில் திரியின் புகை பால் மாதிரி வெளுத்தது. கசிவு. ஒரு திருகு இறுக்கினார். வெண்புகை அடங்கியது. “எண்ணூர்ல கடலுக்கடியில அமோனியாக் குழாய் கசிஞ்சு ராத்திரியோட ராத்திரியா குப்பத்து சனம் ஓடுச்சே, 2023 டிசம்பர்ல? அதுலேர்ந்து எம் பொண்டாட்டி இந்த வேலையே வேணாங்குறா.”

தாளை ஆபீஸ் சுவரில் ஒட்டப் போனேன். தடுத்தார். “கண்ணு எரியுறப்ப எவன் ஆபீஸுக்கு வருவான் தங்கச்சி? தண்ணிக் குழாய்கிட்ட ஒட்டு.”

பிளாஸ்டிக் உறை போட்டு அங்கேயே ஒட்டினேன்.

ஜூன் 10

பிளீச்சிங் 12-இலிருந்து 16-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. இந்த முறை தாளை இன்னும் அனுப்பவில்லை. பதிவேட்டில் புதிதாக இரண்டு பத்தி கோடு போட்டிருக்கிறேன்: தாளின் தேதி, படித்தவர் யார். இறால் குட்டையில் மருந்து போடுகிறவரின் போன் நம்பரை முதலாளி இன்னும் வாங்கித் தரவில்லை. நாளைக்கும் கேட்க வேண்டும்.