பின்பனிப் பருவமும் நாமும்

நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியரிடம் ஆறு பருவங்களை மனப்பாடம் செய்கின்றனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று தட்டாமல் ஒப்பிக்கின்றனர். அடுத்த பாட வேளையில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து நான்கு பருவங்களைப் படிக்கின்றனர். பிறகு சன்னல் வழியே வெளியே பார்க்கின்றனர். அங்கே ஆறும் இல்லை; நான்கும் இல்லை. காலையில் வெயில், பிற்பகலில் இடி, மாலையில் மழை, மறுநாளும் அதுவே. "இந்த நாட்டில் பருவம் என்பதே கிடையாது" என்று படித்த பெரியோரும் துணிந்து சொல்லிவிடுகின்றனர். நகரத்தில் பிறந்து நகரத்திலேயே வளர்ந்தவர் அப்படிச் சொன்னால் குற்றமில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர் சொல்லக் கேட்கும்போதுதான் நமக்கு வியப்பாக இருக்கிறது.

ஆறு பருவங்களுள் பின்பனி என்பது மாசியும் பங்குனியும். தமிழில் பனி என்ற ஒரே சொல் புல்நுனியில் நிற்கும் துளியையும் குறிக்கும். ஐரோப்பாவில் பஞ்சு போல் விழுந்து தரையை மூடும் வெண்பனியையும் குறிக்கும். அந்த வெண்பனியைப் பற்றி அங்குள்ளவர்களுக்கு வெவ்வேறு விருப்பங்கள் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முன் விழுந்தால் மகிழ்வார்கள்; மார்ச்சு முடிந்து ஏப்ரலிலும் விழுந்தால் சிலர் கவிதை எழுதுவார்கள், பலர் சபிப்பார்கள். இந்த நாட்டில் வானத்திலிருந்து விழும் கட்டிநீர் ஆலங்கட்டி ஒன்றுதான். 2013-ஆம் ஆண்டு சூன் 25-இல் சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் அது விழுந்தபோது மக்கள் அதைக் கையில் ஏந்திப் படம் பிடித்துக்கொண்டனர். அதை ஒரு பருவம் என்று சொல்ல முடியாது. நமது பின்பனி வேறு இடத்தில் இருக்கிறது. அது ரப்பர்க் காட்டில் இருக்கிறது.

நாம் வளர்ந்தது கெடாவில், உள்நாட்டுத் தோட்டம் ஒன்றில். தைப் பொங்கல் கழிந்ததும் காற்று மாறும். விடியற்காலையில் போர்வையை இழுத்துக்கொள்ளத் தோன்றும். ஒன்பது மணிக்குள் வானம் மேகம் இல்லாமல் பளிச்சென்று ஆகிவிடும். மழை வாரக்கணக்கில் எட்டிப் பார்க்காது. அப்போதுதான் ரப்பர் மரம் தன் வேலையைத் தொடங்கும். முதலில் இலைகளின் கரும்பச்சை மங்கும். பிறகு மஞ்சள், பிறகு செம்மஞ்சள், சில மரங்களில் இரத்தச் சிவப்பு. ஒரு காற்று அடித்தால் மலைச்சரிவு முழுவதும் இலை பறக்கும். இரண்டு மூன்று வாரங்களில் மேலே குச்சிகளும், கீழே கணுக்கால் அளவு சருகும் மட்டுமே மிஞ்சும். ஆண்டு முழுவதும் இருண்டு கிடக்கும் காட்டுக்குள் வெயில் இறங்கி, மரத்தின் பட்டையும் பால் மங்கும் பளபளக்கும். சருகின் மேல் நடந்தால் எழும் ஓசை, பக்கத்து நிரையில் மரம் வெட்டுபவர் யார் என்பதைக் கூடக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்குப் பிறகு வருவதுதான் நமக்கு உயிர். மொட்டைக் குச்சிகளின் நுனியில் செம்பு நிறத்தில் தளிர் விடும். அது நாளுக்கு நாள் வெளுத்து இளம்பச்சை ஆகும். தளிரோடு சேர்ந்து சிறு மஞ்சள் பூக்களும் கொத்துக் கொத்தாய்த் தொங்கும். அவற்றுக்கு இதழ் இல்லை, மணம் உண்டு. இலைக்காம்பின் முனையில் தேன் கசிவதால் காடு முழுவதும் தேனீயின் இரைச்சல். (கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பகுதியில் தேனீ வளர்ப்போர் பெட்டிகளை ரப்பர்த் தோட்டத்துக்குக் கொண்டுசெல்வது இதற்காகத்தான். நம்மவர் இங்கே அந்தத் தேனை ஈக்களுக்கே விட்டுவிட்டது ஏனோ!) ஐரோப்பியர் வசந்தம் என்று எதைச் சொல்கின்றனரோ அது இதைவிட எவ்வகையில் உயர்ந்தது என்று நமக்கு விளங்கவில்லை.

ஜொகூர் நண்பர் ஒருவர் இந்த விஷயத்தில் நம்மோடு ஓயாமல் வாதிடுவார். "இலை எங்கள் பக்கமும்தான் கொட்டுகிறது. கெடாக்காரருக்கு மட்டும் பட்டயம் எழுதிக் கொடுத்தது யார்?" என்பார். கொட்டுகிறது, உண்மையே. ஆனால் தெற்கே ஒரு மரம் கொட்டும்போது அடுத்த மரம் பச்சையாய் நிற்கும். மூன்றாவது மரம் பாதி கொட்டிவிட்டு யோசித்துக்கொண்டிருக்கும். காரணம் மழைதான். வடகிழக்குப் பருவக்காற்று சீனக்கடலிலிருந்து கொண்டுவரும் நீரைக் கிளந்தானிலும் திரங்கானுவிலும் பகாங்கிலும் கொட்டிவிட்டுத் தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டுகிறது. மலைக்கு இப்பால் உள்ள கெடாவுக்கும் பெர்லிசுக்கும் வந்து சேர்வது காய்ந்த காற்று. தெளிவான வறட்சி இருந்தால் மரங்கள் ஒரே கட்டளைக்குக் கீழ்ப்படிந்தது போல் ஒன்றாய் இலை உதிர்க்கும். ஜொகூரில் அந்தக் கட்டளை தெளிவாகக் கேட்பதில்லை. இதைச் சொன்னால் நண்பர், "உங்கள் ஊர் வெயிலில் மனிதன் கருவாடாகிவிடுவான்" என்று பேச்சை மாற்றுவார். அதையும் நாம் மறுக்க இயலாது. மலேசியாவில் இதுவரை பதிவான மிகுந்த வெப்பம் பெர்லிஸ் சுப்பிங்கில் 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-இல் பதிவான 40.1 பாகை என்பதை அவர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

இந்த மரம் இங்கே பிறந்ததன்று. அமேசான் காட்டிலிருந்து விதையாக இலண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கே முளைத்து, 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. அவற்றுள் ஒன்பது கோலாகங்சாருக்குச் சென்றன. அவற்றில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. வறண்ட பருவத்தில் இலை உதிர்க்கும் பழக்கத்தைத் தன் பிறந்த மண்ணிலிருந்தே அது கொண்டுவந்தது. கடல் கடந்து வந்தும் பழக்கத்தை விடாத சாதி நாம் மட்டுமல்ல.

இதுவரை சொன்னது கண்ணுக்கு உரியது. இனி வயிற்றுக்கு உரியதைச் சொல்லவேண்டும்.

மரம் இலையை இழந்து புதுத்தளிர் விடும்போது தன் சேமிப்பை எல்லாம் தளிருக்கே செலவிடுகிறது. பட்டையில் கத்தி பட்டால் கசியும் பால் குறைந்துவிடும். நிழல் இல்லாததால் வெயில் ஏறியதும் அதுவும் நின்றுவிடும். மற்ற மாதங்களில் இரண்டு வாளி சுமந்து தள்ளாடி வந்த நம் அன்னையார் மாசியில் ஒரு வாளியை முழுதாய் நிரப்பாமல் பால் கொட்டகைக்கு வந்து நின்றதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். எடைக்கேற்ற கூலி என்றிருந்த காலம் அது. எடை போடும் கிராணியின் பென்சில் சிறிது நேரமே அசையும். மாத முடிவில் மளிகைக் கடைப் பற்றுவரவு அசையாமல் அப்படியே நிற்கும், அல்லது ஏறும். "மரம் மொட்டையானால் நம் பானையும் மொட்டைதான்" என்பார் அன்னையார். அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் அந்த இரண்டு மாதங்களில் அவர் தட்டில் சோறு எவ்வளவு இருந்தது என்று பார்க்கும் வயது அன்று நமக்கு இல்லை. சருகைக் குவித்து அதில் குதித்து விளையாடும் வயதே இருந்தது.

ஆகவே இந்தப் பருவத்தை விரும்புகிறோம் என்று எழுதும்போது கை சற்றே தயங்கத்தான் செய்கிறது. கூலி குறையும் மாதத்தை அழகென்று புகழ்வது, பசித்தவன் முன் நின்று நிலாவைக் காட்டுவது போன்றதன்றோ என்று சீர்திருத்த நோக்குடைய தோழர் எவரும் கேட்கலாம். கேட்பது நியாயமே. நாம் கண்ட தோட்டத்துத் துரைக்கும் இந்தப் பருவம் பிடித்திருந்தது. பங்களா வராந்தாவில் நாற்காலி போட்டுச் செந்நிற மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சம்பளம் இலையோடு உதிர்வதில்லை. ஆனால் அன்னையாரிடம் எந்த மாதம் பிடிக்கும் என்று பிற்காலத்தில் கேட்டபோது, அவர் மாசியையே சொன்னார். ஏன் என்றதற்கு, "அப்போதுதான் காட்டில் வெளிச்சம் இருக்கும், அட்டை கடிக்காது, கொசு குறைவு, நனைந்த சேலையோடு வேலை செய்ய வேண்டாம்" என்றார். இருட்டோடு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருண்ட காட்டில் மரம் மரமாய் ஓடியவருக்கு வெளிச்சம் என்பது வெறும் அழகாக இருந்திருக்க முடியாது. அந்தப் பதிலைக் கேட்ட பிறகு நம் விருப்பத்தைச் சொல்ல நமக்குக் கூச்சம் குறைந்தது.

அவர் வெறுத்தது வேறொன்றை. பருவம் முடியும் தறுவாயில், தளிர் செம்பு நிறத்தில் நிற்கும்போது வரும் தூறலையும் மூடுபனியையும். பெருமழை வந்தால்கூட இவ்வளவு தீங்கில்லை. அது கழுவிவிட்டுப் போய்விடும். இரவில் குளிர்ந்து, காலையில் மப்பும் மூடுபனியுமாய் இருந்து, இடையிடையே தூறல் விழும் நாட்கள் தொடர்ந்தால், இளந்தளிரின் மேல் வெள்ளைத் தூள் படியும். மாவைச் சலித்துத் தூவியது போலிருக்கும். அது ஓய்டியம் என்னும் பூஞ்சணம். 1918-ஆம் ஆண்டு சாவகத் தீவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது. தளிரும் பூவும் சுருண்டு இரண்டாம் முறை உதிரும். மரம் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பால் குறைவும் மேலும் நீளும். கந்தகத் தூளைப் புகை போல் ஊதி அதைத் தடுக்க முயன்றனர். சிறுவயதில் அந்த வெள்ளையைப் பார்த்து, படப்புத்தகத்தில் கண்ட பனி நம் காட்டிலும் பெய்துவிட்டதென்று கூவிய பிள்ளைகள் உண்டு. பெரியவர்கள் எவரும் உடன் கூவவில்லை.

ஐரோப்பாவில் பிந்தி வரும் பனியை ஏன் சபிக்கிறார்கள் என்பதை அந்த வெள்ளைத் தூள்தான் நமக்குக் கற்பித்தது. 2021 ஏப்ரல் தொடக்கத்தில் பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில், கொடி துளிர்த்த பின் உறைபனி இறங்கியது. உழவர்கள் இரவெல்லாம் கொடிகளின் இடையே நெருப்புச் சட்டிகளை ஏற்றிவைத்துக் காத்தனர். அப்படியும் பெரும்பகுதி கருகிற்று. வரிசை வரிசையாய் எரிந்த அந்தத் தீபங்களின் படத்தை உலகம் முழுவதும் அழகென்று பார்த்தது. நாம் அதைப் பார்த்தபோது நினைவுக்கு வந்தது கந்தகப் புகைதான். பிந்திய பனியை விரும்புவதா வெறுப்பதா என்பது, அவரவர் சன்னலுக்குள் நிற்கிறாரா, கொடியருகே நிற்கிறாரா என்பதைப் பொறுத்தது போலும்.

இக்காலத்தில் பின்பனியின் ஒழுங்கு கெட்டுவருவதைத் தெற்கே இருப்பவர்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். 2023-இல் பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும், காய வேண்டிய காலத்தில், ஜொகூரில் பெருவெள்ளம். பத்துபகாட் வட்டாரத்தில் நீர் வடிய வாரக்கணக்காயிற்று. 2025 மார்ச்சு 19 முதல் மீண்டும் அதே பருவக்காற்றின் பாய்ச்சல், சிங்கப்பூரையும் ஜொகூரையும் நனைத்தது. மறுபுறம் 2014-இல் சிங்கப்பூரில் சனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் வறட்சி நீடித்தது. ரப்பருக்கோ, 2017 முதல் மலேசியாவில் பெஸ்டலோட்டியாப்சிஸ் என்னும் மற்றொரு பூஞ்சண நோய் வந்து, முதிர்ந்த இலையையும் பருவம் பாராமல் உதிர்க்கிறது. மாசியில் உதிர்ந்தால் அழகு. ஆடியில் உதிர்ந்தால் அது நோய். நண்பரின் ஜொகூரிலும் நமது கெடாவிலும் இதில் வேறுபாடில்லை.

ரப்பர் இருந்த இடத்தில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. நாட்டில் 50 இலட்சம் ஹெக்டேருக்கு மேல் அதுவே. செம்பனைக்குப் பருவம் தெரியாது. தைக்கும் ஆடிக்கும் ஒரே பச்சை, ஒரே இருட்டு. காய்ந்த மட்டையை மனிதன் வெட்டினால்தான் உண்டு. அது சோறு போடுகிறது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதன் நடுவே வளரும் பிள்ளை, இந்த நாட்டில் பருவமே இல்லை என்று சொன்னால் அதை எப்படித் திருத்துவது?

நகரத்தில் சிறிது ஆறுதல் உண்டு. சாலையோரத்து அங்சானா மரம் வறட்சிக்குப் பின் ஒரு மழை பட்டதும் மஞ்சளாய்ப் பூத்து, மறுநாளே நடைபாதையில் கம்பளம் விரித்துவிடும். சிங்கப்பூரில் மார்ச்சு, ஏப்ரலில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாய்ப் பூக்கும் தபேபுயாவைப் பார்த்துச் சப்பானியச் செர்ரி என்று சொல்லிக் கூட்டம் கூடுகிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரத்துக்குச் சப்பானியப் பெயர் வைப்பானேன் என்று நமக்கு ஒரு சிறு கோபம் உண்டு. ஆயினும் அண்ணாந்து பார்க்கிறார்களே, அதுவரை நன்று.

முழுப் பருவத்தையும் காண விரும்புவோர் கெடாவில் பாலிங், சிக் வட்டாரங்களுக்குச் செல்லவேண்டும். சிறுதோட்டக்காரர்களின் ரப்பர் மரங்கள் அங்கே இன்னும் மலைச்சரிவில் நிற்கின்றன. மாசி பிறந்ததும் புறப்படலாம். ஆண்டுக்கு ஆண்டு இரண்டொரு வாரம் முன்பின்னாக இருக்கும். காலை ஒன்பது மணிக்குள் காட்டுக்குள் இறங்கிவிடுவது நல்லது. பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பீடி, சுருட்டு வேண்டா. காய்ந்த சருகு நொடியில் பற்றிக்கொள்ளும். காலணி அவசியம். சருகுக்குள் தேள் இருக்கும்.