நெய்வேலி வீடுகளில் லில்லித் தொட்டியும் குட்டி ஈக்களும்

பண்ருட்டியைத் தாண்டி, பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் பார்த்தபடியே வந்து ஆர்ச் கேட்டில் இறங்கினால், நெய்வேலி நகரியம் தனி உலகம்தான். நேரான சாலைகள், இருபுறமும் நிழல் மரங்கள், வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸுகள். முகவரி கேட்டால் முதலில் வட்டத்தின் எண்ணைத்தான் சொல்வார்கள்.

வீட்டைச் சுற்றி மண் இருந்தும் வராந்தாவில் தொட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஏன் என்று கேட்டால், "ரிடையரானா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணுமே! மரத்தைத் தூக்கிட்டுப் போக முடியுமா? தொட்டின்னா லாரியில ஏத்திடலாம்" என்பார்கள். நியாயம்தானே?

மழை லில்லி, மே மாதம் பந்து போலப் பூக்கும் ஃபுட்பால் லில்லி, ஹாலில் வைக்கும் பீஸ் லில்லி என்று தொட்டியில் வளர்க்க லில்லிகள் நிறைய உண்டு. பீஸ் லில்லி உண்மையில் லில்லியே அல்ல, சேம்பின் உறவு. இந்தத் தொட்டிகளைச் சுற்றி மழைக்காலத்தில் கறுப்பாக, கொசுவைவிடச் சின்னதாக ஈக்கள் பறக்கும். உடனே கொசு மருந்தை எடுத்து அடிக்கத் தோன்றும். கைக்குழந்தை தூங்கும் அறையில் அந்த நெடி தேவையா? அடித்தாலும் நாலு நாளில் மறுபடி வந்துவிடும்.

காரணம், ஈ பூவிலிருந்து வருவதில்லை, மண்ணிலிருந்து வருகிறது. பூஞ்சை ஈ என்று இதற்குப் பெயர். ஈர மண்ணின் மேல் இரண்டு மூன்று அங்குலத்தில் முட்டையிடும். புழுக்கள் மட்கும் குப்பையையும் பூஞ்சையையும் தின்னும். பெருகிவிட்டால் இளம் வேரையும் கடிக்கும். பறக்கும் ஈயின் ஆயுள் ஒரு வாரம், பத்து நாள்தான். அது கடிக்காது.

ஆக, கோளாறு தண்ணீரில். நெய்வேலிக்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது ஊற்று நீரோடு சேர்ந்து வந்துதான் பழுப்பு நிலக்கரி தன்னைக் காட்டிக் கொண்டது. 1956இல் நிறுவனம் தொடங்கி, 1961இல் நிலக்கரி கண்ணில் பட்டது. நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இன்றும் இரவு பகலாக பம்ப் வைத்து இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். தொட்டிக்கும் அதே கதைதான்: முதலில் நீரை இறக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை இவ்வளவே:

விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். லில்லிக் கிழங்கு ஈரம் அதிகமானால் அழுகும். கொஞ்சம் காய்ந்தால் கெட்டுப் போகாது.

அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், காய்கறித் தோல் ஆகியவற்றை அப்படியே தொட்டியில் கொட்டாதீர்கள். அது ஈக்கு விருந்து. மட்கிய பிறகு போடுங்கள்.

மேல் மண்ணைக் கிளறிக் காயவிட்டு, அரை அங்குலத்துக்கு உலர்ந்த ஆற்று மணலைப் பரப்புங்கள்.

மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொட்டியில் செருகி வைத்தால் ஈக்கள் ஒட்டிக் கொள்ளும்.

புழு இருக்கிறதா என்று அறிய, ஓர் உருளைக்கிழங்கு வில்லையை மண்மேல் வைத்து இரண்டு நாள் கழித்துப் புரட்டிப் பாருங்கள்.

முட்டை ஈயாக மூன்று நாலு வாரம் ஆகும். அதனால் ஒரு மாதமாவது விடாமல் செய்யுங்கள்.

இன்னொரு விஷயம். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீர்தான் நிஜமான ஆபத்து. டெங்குவைப் பரப்பும் பகல் கொசு அதில் ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து முழுக் கொசுவாகிவிடும். வாரம் ஒரு முறையாவது தட்டைக் கொட்டி, தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். தேய்க்காவிட்டால் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தும் சாகாமல் காத்திருக்கும்.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் பீஸ் லில்லியை உயரத்தில் வையுங்கள். இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும்.

குட்டி ஈயைக் கண்டால் பயப்பட வேண்டாம். 'இங்கே தண்ணீர் அதிகம்' என்று அது சொல்லும் சேதியைக் கேட்டால் செடியும் பிழைக்கும், குழந்தையும் நிம்மதியாகத் தூங்கும்.